வயிற்று வலி காரணமாக

மார்ச் 4, செவ்வாய்

கம்பெனியின் பழுதுப் பதிவு நோட்டு ஒன்று மிச்சமாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுத்தான். இருக்கட்டும். பதினோரு வருஷமாக அவர்களுடைய லிஃப்டுகளுக்காக எத்தனை நோட்டு எழுதித் தீர்த்திருக்கிறேன், என் வயிற்றுக்கு ஒன்று கூடாதா?

எங்கள் தொழிலில் ஒரேயடியாக நின்றுபோன லிஃப்ட் சுலபம். போனோம், பார்த்தோம், மாற்றினோம், வந்தோம். வந்து வந்து போகிற பழுதுதான் உயிரை வாங்கும். நாம் போய் நின்றால் சமர்த்தாக மேலும் கீழும் ஓடும். நாம் தெருமுனை திரும்பியதும் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். அதற்கு ஒரே வழி எழுதி வைப்பது. எத்தனை மணிக்கு, எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், அதற்கு முன் என்ன நடந்தது. பத்துத் தடவை எழுதினால் அது தானாக முகத்தைக் காட்டிவிடும்.

ஆகவே: இன்று காலை 11.10. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலப்பக்கம் கீழே இறங்கியது. துணியைப் பிழிகிற மாதிரி. நாற்பது நிமிடம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. வாந்தி ஒரு தடவை. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வயித்து வலியா? லீவு லெட்டர் யாருக்கு எழுதணும்?" என்றாள்.

அம்மா முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். பிள்ளைகளின் விடுப்புக் கடிதங்களை வாங்கி அடுக்குவது அவள் மேசை. "வயிற்று வலி காரணமாக இன்று பள்ளிக்கு வர இயலவில்லை." அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பாளோ! மழை பெய்தால் வயிற்று வலி. கணக்குப் பரீட்சை என்றால் வயிற்று வலி. மாமா வந்திருந்தால் வயிற்று வலி. உலகத்தில் வயிற்று வலி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது அம்மாவின் முப்பத்தொரு வருஷ ஆராய்ச்சி முடிவு. அவளுக்குப் போய் நான் மகளாகப் பிறந்தேன்.

மார்ச் 5, புதன்

வலி இல்லை. வலிக்காத நாளையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

காலை 8.40. அதே இடம், அதே முறுக்கல். ஐம்பது நிமிடம் ஆகியும் விடவில்லை என்றதும் முனை டாக்டரிடம் போனேன். தெருமுனையில் இருக்கிறார், அதனால் எங்கள் வீட்டில் அவர் முனை டாக்டர். சட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே வலப்பக்கத் தழும்பில் விரலை வைத்தார்.

"அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சா?"

"பதினாலு வயசுல எடுத்தாங்க."

"அப்புறம் அந்தப் பக்கம் வலிக்க என்னம்மா இருக்கு? கேஸ்தான். டென்ஷன் வேற. இன்னும் கல்யாணம் ஆகலையோ?"

முப்பத்திநாலு வயதில் கல்யாணம் ஆகாவிட்டால் குடலில் காற்று சேரும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதோ தெரியவில்லை. ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. ஸ்கேனுக்கு எழுதித் தாருங்கள் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு மாலையில் எடுத்தேன். கல்லீரல் இயல்பு, பித்தப்பை இயல்பு, சிறுநீரகம் இரண்டும் இயல்பு. கூடவே ரத்தமும் சோதித்தார்கள், அது மட்டும் கொஞ்சம் குறைவாம். அது போன வருஷமும் குறைவுதான். பெண்களுக்கு சகஜம் என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

அம்மா ரிப்போர்ட்டை வரி விடாமல் படித்து, மடித்து, என் கையில் கொடுத்தாள். "நாடகக்காரி," என்றாள் சிரித்துக்கொண்டே. பதினாலு வயதிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பேர். செல்லமாகத்தான் சொல்வாள். நானும் சிரித்தேன்.

எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 19, புதன்

இன்று ஒரு காவலாளியிடம் கத்திவிட்டேன். பாவம், வயதானவர்.

பத்து நாளாக ஒரு கட்டடத்திலிருந்து புகார். லிஃப்ட் நடுவில் நிற்கிறது. நாங்கள் போனால் ஓடுகிறது. கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் பழுதுக் குறி ஒன்றும் பதிவாகவில்லை. என்னடா இது என்று பார்த்தால், லிஃப்ட் நின்றவுடன் இந்த மனிதர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் எங்களுக்கே போன் பண்ணுகிறார். அது பழைய பெட்டி. மின்சாரத்தை நிறுத்தினால் குறி அழிந்துவிடும்.

"அண்ணே, நின்னுச்சுன்னா நின்னபடியே விடுங்க! நீங்க சரி பண்ணப் பண்ண நாங்க கண்டுபிடிக்கவே முடியாது!"

"உள்ள ஆளு மாட்டிக்கிட்டு கத்தறாங்களேம்மா," என்றார் அவர். அவர் சொல்வதும் சரிதானே.

என் கூட வேலை பார்க்கிறவர் இதைக் கேட்டு வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார். அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், வாயை மூடினால் உடம்புக்கு ஆகாது. வண்டியில் வரும்போதே எனக்குச் சுருக்கென்றது. நானும் இதைத்தானே செய்கிறேன்? வலி வந்ததும் ஓடிப்போய் ஊசி. ஊசி போட்டு, வலி அழிந்து, அதற்கப்புறம் ஸ்கேன். என்ன கிடைக்கும்? பதினோரு வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி.

மார்ச் 20, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். இனி வலிக்கும்போதே யாராவது பார்க்க வேண்டும். அதுவரைக்கும் ஊசி கிடையாது.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு தடவை. காலை 9.05, மாலை 4.30. இரண்டாவது ஒரு மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு, முனை டாக்டரும் இல்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள என்ன பண்றே?"

"வலிக்குது."

கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். பிறகு, "ஆப்பரேஷன் பண்ணி எடுத்ததெல்லாம் எடுத்தாச்சு. இனி என்ன இருக்கு வலிக்க? மனசைத் திடமா வெச்சுக்க," என்றாள்.

மனசாம். என் மனசு இரும்பு. பத்து மாடி ஆழக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறேன். மனசு வலப்பக்கம் கீழேயா இருக்கிறது?

இத்துடன் பதினொன்று ஆயிற்று. பெரும்பாலும் சாப்பிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில். எப்போதும் தொப்புளில் ஆரம்பம். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நடிக்கிறவளுக்கு இத்தனை ஒழுங்கு வராது.

ஏப்ரல் 9, புதன்

காலை 7.15. லேசாக, தொப்புளில். இன்று ஏழு மாடிக் கட்டடம், லிஃப்ட் கூண்டு மேல் ஏறிச் சோதனை. போகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாலு நாளாக எழுதவில்லை. எழுத்து கோழி கிளறிய மாதிரி வருகிறது. மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். எங்கள் மோட்டார் அறையில்கூட இத்தனை ஒயர் இருந்ததில்லை.

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

லிஃப்ட் கூண்டின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தேன், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். ரேடியோ மேலே மோட்டார் அறையில். வலி வந்தது. எப்போதும் முறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளரும், பிறகு முறுக்கும். இந்தத் தடவை தளரவே இல்லை. முறுக்கியது முறுக்கியபடி நின்றது. மண்டியிட்டுவிட்டேன். தலைக்கவசத்தைக் கழற்றி அதிலேயே வாந்தி எடுத்தேன். பச்சை. இலையை அரைத்த மாதிரிப் பச்சை. கை எட்டும் தூரத்தில் இறங்கு பொத்தான் இருந்தது, கை போகவில்லை.

"அண்ணே" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தேன். ரேடியோ பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, கூண்டை அங்குலம் அங்குலமாக இறக்கி, அதன் கூரையை ஐந்தாம் மாடி வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓடி வந்து கதவைத் திறந்து என்னைக் குழந்தை மாதிரி தூக்கினார். ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு முதல் பயம்.

பெரிய ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு. ஒரு சின்னப் பையன் டாக்டர். சட்டையைத் தூக்கினார், தழும்பைப் பார்த்தார். எனக்கு அடுத்த வசனம் மனப்பாடம்.

"அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு போல. கேஸா இருக்கும். ஒரு ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்."

"ஊசி வேண்டாம்," என்றேன்.

"வலிக்குதுன்னு சொல்றீங்க?"

"வலிக்குது. அதான் வேண்டாம். வலிக்கிறப்பவே பாருங்க. இந்தக் கட்டிலை விட்டு நான் இறங்க மாட்டேன். இறக்கணும்னா நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க."

எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? பேசி முடித்ததும் மறுபடி வாந்தி. ரேடியோ இந்த நோட்டை டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கையில் வாங்கவே இல்லை. அவ்வளவுதான், அணைந்திருந்த ரேடியோ முழுச் சத்தத்தில் உயிர் பெற்றுவிட்டது. நடைபாதைக்குப் போய், "ஒரு பொம்பளை பச்சை பச்சையா வாந்தி எடுக்கறா! அவ வயித்தைத் தொட்டுப் பார்க்க இந்தக் கட்டடத்துல ஒரு கை இல்லையா?" என்றார். மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும்.

டீக் கோப்பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு குள்ளமான பெண்மணி நின்றார். அறுவை சிகிச்சை டாக்டர் என்று பிறகுதான் தெரிந்தது. "பச்சைன்னா சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கோப்பையை ஜன்னலில் வைத்தார். கையைத் தேய்த்துச் சூடாக்கி என் வயிற்றில் வைத்தார். நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தைப் படித்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். எக்ஸ்ரே, பெரிய ஸ்கேன், ரத்தம், கையெழுத்து.

"குடல் முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னு போச்சு. இப்பவே திறக்கணும். லேட் ஆச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"திறங்க," என்றேன். கையெழுத்து நானே போட்டேன்.

தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா வந்துவிட்டாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பு இடது வலது மாறி. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நிஜமாவாடி?"

"இல்லைம்மா, கணக்குப் பரீட்சை," என்றேன்.

பிழைக்காமல் போயிருந்தால் அதுதான் என் கடைசி வார்த்தையாக இருந்திருக்கும். நல்ல வார்த்தைதான், ஆனால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கண் விழித்த பிறகு டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "நீங்க உங்கம்மா வயித்துல இருக்கிறப்ப குடலுக்கும் தொப்புளுக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கும். பொறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அது மறைஞ்சு போயிடணும். உங்களுக்கு மறையல. சிறுகுடல்ல சின்னதா ஒரு பையும், அதுல இருந்து தொப்புளுக்கு ஒரு நாரும் அப்படியே நின்னுடுச்சு. அந்த நாரைச் சுத்திக் குடல் முறுக்கிக்கிச்சு. கறுத்துப்போன பகுதியை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தெச்சிருக்கேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி."

அந்தப் பை நூற்றில் இரண்டு பேருக்கு இருக்குமாம். பெரும்பாலானவர்கள் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்களாம். அதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தமும் கசிந்திருக்கலாம் என்றார். அதற்கு ஏதோ ஒரு பேர் சொன்னார், வாயில் நுழையவில்லை.

"அது எனக்கு எப்ப இருந்து இருக்கு டாக்டர்?"

"பொறந்ததுல இருந்து."

பிறந்ததிலிருந்து! ஒரு முழம் குடல் போய்விட்டது, வயிற்றில் மேலிருந்து கீழ்வரை தையல், எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தால் தையல் இழுக்கிறது. இருந்தாலும் சிரித்தேன். நான் பொய் சொல்லவில்லை. முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை.

ஊசி வேண்டாம் என்று சொன்னதற்கு நல்ல திட்டும் விழுந்தது. "வலிக்கு மருந்து கொடுத்தாலும் கண்டுபிடிச்சிருப்போம். வலியை வெச்சுக்கிட்டு நிரூபிக்கணும்னு இல்ல. இன்னொரு தடவை இப்படிச் செய்யாதீங்க."

"மருந்து கொடுத்திருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க டாக்டர்."

படம் போட்ட காகிதத்தை மடித்தார். "அது எங்க தப்பு. அதுக்கு நீங்க வலி தாங்க வேண்டியதில்ல," என்றார்.

போகும்போது அம்மாவிடம், "அந்தப் பழைய அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் பேப்பர் இருக்கா? பார்த்தா நல்லாருக்கும்," என்று கேட்டார்.

"இருபது வருஷம் ஆச்சு டாக்டர். எங்க கிடக்கோ," என்றாள் அம்மா.

எங்க கிடக்கோவா? அம்மாவா இப்படிச் சொல்வது? என் முதல் வகுப்பு மதிப்பெண் அட்டையிலிருந்து, எப்போதோ உடைந்துபோன இஸ்திரிப் பெட்டியின் உத்தரவாத அட்டைவரை வருஷவாரியாக அடுக்கி வைத்திருப்பவள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

குடல் இன்னும் தூங்குகிறதாம். காற்றுப் பிரிந்தால்தான் மூக்குக் குழாயை எடுப்பார்களாம், தண்ணீர் கொடுப்பார்களாம். காலையில் நர்ஸ் வந்து கேட்கிறார், காற்றுப் போச்சா? டாக்டர் கேட்கிறார், காற்றுப் போச்சா? வார்டு பெருக்குகிற அம்மாள்கூடக் கேட்கிறார்.

இருபது வருஷமாகக் கேஸ் கேஸ் என்று என்னை விரட்டினார்கள். இன்று ஊரே எனக்குக் கேஸ் வர வேண்டும் என்று காத்திருக்கிறது, எனக்கு வரமாட்டேன் என்கிறது.

மதியம் 2.20. வந்தது! ரேடியோவுக்குத் தகவல் சொன்னேன். "இனிப்பு வாங்கிட்டு வரட்டுமா?" என்கிறார். நான் தண்ணீர் குடிக்கவே இன்னும் அனுமதி இல்லை, மனிதருக்கு இனிப்பு.

ஏப்ரல் 17, வியாழன்

எழுத்து இன்றும் கோழி கிளறிய மாதிரிதான் வருகிறது. இன்று கோபத்தில்.

மாலை அம்மா வந்தாள். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டது, முனைகூட மடங்கவில்லை. டாக்டரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினாள். இருபது வருஷத்துக்கு முந்திய அறுவை சிகிச்சைக் குறிப்பு. ஒரு வரிக்குக் கீழே அவளே பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். குடல்வால் இயல்பாக இருந்தது, அழற்சி இல்லை, அகற்றப்பட்டது.

"அந்த டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு," என்றாள். "'எல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. பொண்ணுக்குப் பரீட்சை பயமா'ன்னு கேட்டாரு. மறுநாள் உனக்குக் கணக்குப் பரீட்சை. நான் யாருகிட்டயும் சொல்லல. உங்கப்பா சாகிறவரைக்கும் அவருகிட்டகூடச் சொல்லல. பொய் சொல்லி வயித்தைக் கிழிச்சுக்கிட்டவன்னு உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான். உன்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சேன்டி."

காப்பாத்தினாளாம்!

குடல்வால் நல்லா இருந்துச்சுன்னா என்ன அர்த்தம்? வலி வேற எங்கயோ இருந்து வந்துச்சுன்னு அர்த்தம். பொண்ணு பொய் சொன்னான்னா அர்த்தம்? அந்த டாக்டருக்குத் தோணல, உனக்கும் தோணல. இந்த ஒரு காகிதத்தை யாராவது ஒருத்தர்கிட்ட காட்டியிருந்தா அப்புறமாவது தேடியிருப்பாங்க. தழும்பைப் பார்த்தவன் எல்லாம் திருடனைப் பிடிச்சாச்சுன்னு திரும்பிப் போனான். திருடன் உள்ளயே உட்கார்ந்துக்கிட்டு இருந்தான். நீ காகிதத்தை பீரோவுல பூட்டி வெச்சிருந்தே. நாடகக்காரி நாடகக்காரின்னு நீ சிரிச்சது விளையாட்டு இல்ல, நெசமாவே அப்படித்தான் நினைச்சிருக்கே. இருபது வருஷமா.

இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா அழவில்லை. காகிதத்தை என் போர்வை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

அம்மா வந்தாள். நான் பேசவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. படியேற ரேடியோ கை கொடுத்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட், உனக்குப் படிக்கட்டா தங்கச்சி?" என்று மூன்று மாடியும் சிரித்துக்கொண்டே வந்தார். சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன்.

அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முடிய வேண்டும் என்று என்ன சட்டம்?

மே 8, வியாழன்

நடக்கச் சொன்னார்கள். முனை டாக்டர்வரை நடந்தேன். வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போய் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது நூத்துல ரெண்டு பேருக்குத்தாம்மா இருக்கும்."

"அந்த ரெண்டு பேரு உங்க தெருவுல இருக்கக் கூடாதுன்னு இருக்கா டாக்டர்?"

ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள், சுவரில் மாட்டுங்கள் என்றேன். சண்டைக்குத்தான் போனேன். வரும்போது வயிற்றில் கை வைத்தபடி ஒரு சின்னப் பெண் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்து அவள் உள்ளே போனாள். கதவு சாத்துமுன் டாக்டர் அவளிடம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டது காதில் விழுந்தது.

ஜூன் 11, புதன்

வேலைக்குப் போனேன். இன்னும் கனம் தூக்கக் கூடாது. பெட்டியை ரேடியோ தூக்கினார், நான் டார்ச் மட்டும். ராணி மாதிரி இருக்கிறாய் என்றார். ராணி முழங்கால்வரை கிரீஸோடு வீடு திரும்பினாள்.

மாலையில் அம்மா சாப்பாட்டு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சி அணைத்திருந்தது. நானாகக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"முப்பத்தோரு வருஷம். ஒரு நாளைக்குக் குறைஞ்சது மூணு லெட்டர் வரும். வயித்து வலின்னு."

"சரி."

"அதுல எத்தனை பிள்ளைங்களுக்கு நிஜமாவே வலிச்சிருக்கும்? நான் ஒண்ணைக்கூட நம்பலையேடி."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லை என்றால் அது பொய், நான் பொய் சொல்வதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை.

காலை பத்து மணிக்கு அம்மா போன் பண்ணினாள். வேலை நேரத்தில் அவள் போன் பண்ணுகிறவளே இல்லை. "வேலையா இருக்கியா? ஒண்ணும் அவசரம் இல்ல. நெஞ்சுல ஒரு மாதிரி இருந்துச்சு. நீ சாயங்காலம் வா போதும்," என்றாள். ரேடியோ வண்டியை எடுத்த வேகத்தில் இரண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டோம்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு நேராக அதே அவசரப் பிரிவு. இப்போது வேறு ஒரு பையன் டாக்டர். இ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் எடுத்தார். இ.சி.ஜி. இயல்பு. முதல் ரத்தமும் இயல்பு.

"ஒண்ணும் தெரியலை. கேஸா இருக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

அம்மா சட்டென்று எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள், யாரோ கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி. நான் எழவில்லை. மாரடைப்பு முதல் ரத்தத்தில் தெரியாமல் போகலாம், மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாமே, அதை எடுங்கள், அதுவரை இருக்கிறோம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சரி என்றார்.

"எழுந்திருடி, போகலாம்," என்று அம்மா என் காதில் கிசுகிசுத்தாள். "நான் நடிக்கிறேன்னு நினைக்கப் போறாங்க."

"நினைச்சா நினைக்கட்டும்மா. நீ உட்காரு. எப்ப ஆரம்பிச்சுது, சொல்லு."

உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். காலை 9.20. துணி காயப்போடக் கையைத் தூக்கியபோது. நடுநெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கு, பிறகு தாடைக்கு. வியர்வை. உட்கார்ந்ததும் குறைந்தது. இருபது நிமிடம். இது முதல் தடவை இல்லை. ஜூலையிலிருந்து நாலாவது.

"நாலாவதா? ஏன்மா சொல்லல?"

அம்மா கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள்.

"நீ நம்புவியோ மாட்டியோன்னு."

நாலையும் எழுதிவிட்டேன். தேதி, நேரம், எத்தனை நிமிடம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டேன். நாலையும் நம்புகிறேன். அடுத்த ரத்தம் இரண்டு மணிக்காம். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதுவரை இந்த நாற்காலிகளிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் எழுப்ப யாராலும் முடியாது.